'பாஸ் அவுட்' ஆனவர் யார்?

நமது சங்கத்து அன்பர் ஒருவரின் புதல்வன், அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்பும் வேலை விண்ணப்பத்தைச் சென்ற மாதம் நம்மிடம் காட்டினான். "2023-இல் கல்லூரியிலிருந்து பாஸ் அவுட் ஆனேன்" என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

"தம்பி, இதைப் படிக்கும் வெள்ளைக்காரர், நீ கல்லூரியில் மூர்ச்சையாகி விழுந்தாய் என்றல்லவா எண்ணக்கூடும்?" என்றோம்.

"ஐயோ அண்ணா! மூன்று இடங்களுக்கு இப்படியே அனுப்பிவிட்டேனே!" என்று முகம் வாடினான்.

பிழை அவனுடையதன்று, நம்மில் பலர் அவ்வாறே எழுதுகிறோம். ஆகவே அத்தொடரின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

'பாஸ்' என்னும் வினை, காலடியைக் குறிக்கும் 'பாஸ்ஸுஸ்' என்ற லத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அடிவைத்துக் கடத்தலே அதன் ஆதிப் பொருள். ரெயில்வே ஊழியர் பெறும் 'பாஸ்' என்பதும் இவ்வினையின் வழிவந்ததே. 'அவுட்' என்றால் வெளியே. எனவே 'பாஸ் அவுட்' என்பது வெளியேறுதல்.

ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவோரின் அணிவகுப்பிற்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்று பெயர். 1932-இல் டேராடூனில் தொடங்கப்பெற்ற இந்திய ராணுவ அகாடமியில், பயிற்சி முடித்தோர் 'அந்திம் பக்' என்னும் கடைசி அடியை வைத்துக் கடந்து அதிகாரிகளாகின்றனர். சொல்லின் ஆதிப் பொருள் அங்கே கண்கூடாக விளங்குகிறது! பிரிட்டனில் இவ்வழக்கு பெரும்பாலும் ராணுவம், போலீஸ் போன்ற பயிற்சிகளோடு நின்றது. நம் நாட்டிலோ எல்லாக் கல்லூரிகளுக்கும் பரவியது.

மயங்கி விழுதல் என்னும் பொருள் பேச்சுவழக்கில் தோன்றியது. அதற்கு முன்னரே உயிர் நீத்தலையும் அத்தொடர் குறித்ததுண்டு. இது நமக்குப் புதுமையன்று. தமிழில் 'இறத்தல்' என்பதற்கும் கடத்தல் என்ற பொருள் உண்டு. கடந்துபோன காலத்தை 'இறந்த காலம்' என்கிறோம் அல்லவா?

ஆகவே நம் நாட்டவரிடையே இத்தொடரைத் தாராளமாக வழங்கலாம்; அதற்காக நாணவேண்டுவதில்லை. அயலார்க்கு எழுதும்போது மட்டும் 'கிராஜுவேட்' ஆனதாக எழுதுதல் நலம். பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பெற்றோர் ஒருமுறை பார்த்தனுப்புவார்களாக.

தம்பியின் விண்ணப்பத்தை அன்றே திருத்தி, அம்மூன்று இடங்களுக்கும் மறுபடி அனுப்பச் செய்தோம். தமிழில் பரீட்சையில் வெல்வதும் 'தேறுதல்'. நோயினின்று மீள்வதும் 'தேறுதல்'. மனக்கலக்கம் நீங்குவதும் 'தேறுதல்'. பிள்ளை அன்றைக்கு மனம் தேறி வீடு சென்றான்.