மிதிவண்டிப் பயணத்திற்கு ஏற்ற காலுறை எது?

புதிதாக மிதிவண்டி வாங்கும் நண்பர்களைக் கவனித்திருப்பீர்கள். சட்டகம் அலுமினியமா, கார்பனா என்று ஆராய்வார்கள். கியர் எத்தனை என்று கேட்பார்கள். தலைக்கவசத்திற்காக நான்கு கடைகள் ஏறி இறங்குவார்கள். காலுறை என்று வரும்போது மட்டும், பள்ளிக்கு அணிந்து சென்ற வெள்ளைப் பருத்திக் காலுறையே போதும் என்று இருந்துவிடுவார்கள். பக்கத்து உணவங்காடிவரை சென்று வர அது போதும்தான். ஆனால், கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலிருந்து சாங்கிவரை சென்று திரும்புபவருக்கும், புத்ராஜெயா ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் மிதிப்பவருக்கும் அது போதாது. ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நடக்கும் கால் வேறு, மிதிக்கும் கால் வேறு

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் மோதுகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்காகவே ஓட்டக்காரர்களின் காலுறைகள் பலவற்றில் அடிப்பகுதி தடிப்பாக நெய்யப்பட்டிருக்கும். மிதிவண்டியில் அத்தகைய மோதல் இல்லை. மாறாக, விரல்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள பாதத்தின் முன்பகுதி, பெடலை ஓயாமல் அழுத்துகிறது. நிமிடத்திற்கு 80 சுற்று என்று கணக்கிட்டால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை அழுத்துகிறது.

ஆகவே, இங்குத் தடித்த காலுறை நன்மை செய்வதில்லை. அது காலணிக்குள் இருக்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. வெப்பத்தில் பாதம் சிறிது வீங்கும்போது நெருக்கம் மேலும் கூடுகிறது. நரம்புகள் அழுந்தி விரல்கள் மரத்துப்போகின்றன. சிலருக்கு உள்ளங்கால் எரிகிறது. காலணிதான் சரியில்லை என்று பலர் நினைப்பார்கள். சில வேளைகளில் மெல்லிய காலுறைக்கு மாறுவதே போதுமான தீர்வாக இருக்கும்.

பருத்தியின் குறை என்ன?

20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் வைத்த இழைகளை எடுத்துக்கொள்வோம். பருத்தி அதன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீரை ஈர்த்து வைத்திருக்கும். நைலான் 4 விழுக்காடு. பாலியெஸ்டரோ அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கும் மேல். வியர்வை எளிதில் ஆவியாகாத இந்தச் சூழலில், பருத்தி நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நனைந்த பருத்தி துவண்டு தோலோடு ஒட்டுகிறது. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகிறது, உராய்வும் கூடுகிறது. கொப்புளம் உண்டாவது இப்படித்தான். விரலிடுக்குகளில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சையும் எளிதில் வளரும்.

பாலியெஸ்டர், நைலான் காலுறைகள் வேறு விதமாகச் செயல்படுகின்றன. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வியர்வையைத் தோலிலிருந்து வெளிப்புறத்திற்குக் கடத்துகின்றன. மிதிவண்டி செல்லும் வேகத்தில் காலணியின் வலைத்துளைகள் வழியே காற்று புகுந்து, அந்த ஈரத்தைச் சிறிது சிறிதாக உலர்த்துகிறது. நம் வெயிலில் எந்தக் காலுறையும் நனையத்தான் செய்யும். நனைந்த பிறகு எது விரைவில் உலர்கிறது என்பதே கேள்வி.

அப்படியானால் கம்பளி? குளிர்நாட்டுப் பொருள் என்று அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முன்பு சொன்ன அதே காற்றில் கம்பளி ஏறத்தாழ 16 விழுக்காடு நீரை ஈர்க்கும். பருத்தியைவிட இரு மடங்கு. ஆயினும், அந்த ஈரம் இழையின் உள்ளே சென்று தங்குகிறது. இழையின் இயற்கையான சுருள் காரணமாக, நனைந்த பின்னும் அது பருத்தியைப்போல் துவள்வதில்லை. நாற்றமும் குறைவு. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியில் நெய்த காலுறை நம் நாட்டிற்கும் ஏற்றதே. விலை கூடுதல் என்பதும், பாலியெஸ்டரைவிட மெதுவாக உலரும் என்பதும் அதன் குறைகள்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் அட்டையைப் படியுங்கள். பாலியமைடு என்று அச்சிட்டிருந்தால் அது நைலானே. எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா ஆகிய மூன்றும் மீள்தன்மை தரும் ஒரே வகை இழையின் பெயர்கள். அது சிறிதளவு கலந்திருந்தால்தான் காலுறை நழுவாமல் நிற்கும்.

அடுத்து, காலுறையை உட்புறமாகத் திருப்பி, விரல் நுனியில் உள்ள தையலைத் தடவிப் பாருங்கள். கைக்குத் தட்டுப்படும் தையல், இரண்டு மணி நேரத்தில் காலை உறுத்தும். அணிந்து பார்க்கும்போது குதிகால் பகுதி குதிகாலிலேயே பொருந்த வேண்டும். எங்கும் மடிப்பு விழக்கூடாது.

உயரத்தைப் பொறுத்தவரை, கணுக்கால் எலும்பை மூடி அதற்கு மேல் சில விரற்கடை இருப்பது நல்லது. மிகக் குட்டையானது காலணிக்குள் சுருண்டுவிடும். பந்தய வீரர்களுக்கு இதில் விதியே உண்டு: கணுக்கால் எலும்புக்கும் முழங்காலை ஒட்டிய வெளிப்புற எலும்பின் தலைப்பகுதிக்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதிக்கு மேல் காலுறை ஏறக்கூடாது என்கிறது அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம். நெடிய காலுறை காற்றின் எதிர்ப்பைக் குறைத்து வேகத்திற்கு உதவலாம் என்பதே காரணம். நமக்கு அந்தக் கவலை இல்லை. வெள்ளை நிறத்தை விரும்புவோர், சங்கிலி வலப்பக்கம் இருப்பதால் வலக்காலில் மசி படியும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்காக

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுவரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு. உடற்பயிற்சி செய்யச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்த, நம் அப்பாவோ அத்தையோ மிதிவண்டியில் ஏறக்கூடும். நீரிழிவு பாத நரம்புகளைப் பாதித்திருந்தால் வலி உறைக்காது. தையல் உரசி எழுந்த கொப்புளம் அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாகிவிடலாம். அவர்களுக்குத் தையல் துருத்தாத, மேல்விளிம்பு இறுக்காத காலுறையே தேவை. வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருந்தால் இரத்தமோ நீரோ கசிந்தது உடனே தெரியும். ஒவ்வொரு பயணத்திற்குப் பிறகும் பாதங்களைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். குனிந்து பார்க்க இயலாதவர்களுக்கு நாம் பார்த்துச் சொல்லலாம்.

பராமரிப்பு

பயணம் முடிந்ததும் காலுறையைப் பைக்குள் திணித்து வைக்காதீர்கள். உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பித் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளின்மேல் படிந்து, வியர்வையைக் கடத்தும் திறனைக் குறைக்கும். சூடான உலர்த்தி மீள்தன்மையைக் கெடுக்கும். மேல்விளிம்பு தளர்ந்து, குதிகால் தேய்ந்த காலுறையை இரக்கப்படாமல் மாற்றிவிடுங்கள்.

மாணவர் கையிருப்புக்கு எட்டாத செலவல்ல இது. மெல்லிய, நன்கு பொருந்திய இரண்டு இணைகள் இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்றை அணியலாம். அடுத்த வாரம் உங்களுக்கு வாங்கச் செல்லும்போது, வீட்டில் மிதிவண்டி ஓட்டும் பெரியவரின் கால் அளவையும் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.