நரம்பு மண்டலமும் நமது பாதங்களும்

விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் பால்மரம் சீவும் கையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். உளி மேலோடினால் பால் குறையும். ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்படும். பட்டையின் நிலையைக் கண் காண்கிறது. உளியின் அழுத்தத்தை விரல்கள் உணர்கின்றன. கை அதற்கேற்ப அடங்கி இயங்குகிறது. இவை அனைத்தையும் இணைத்து நடத்துவது நம் உடலிலுள்ள நரம்பு மண்டலமாகும்.

நரம்பு மண்டலம் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது மூளை. ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள இது, மண்டையோட்டினுள் பாதுகாப்பாக அமைந்துள்ளது. இரண்டாவது தண்டுவடம். சுமார் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள இது, முதுகெலும்பின் உள்ளே கீழ்நோக்கிச் செல்கிறது. மூன்றாவது, உடலெங்கும் பரவியுள்ள நரம்புகள். இவற்றுள் 12 இணைகள் மூளையிலிருந்தும், 31 இணைகள் தண்டுவடத்திலிருந்தும் புறப்படுகின்றன.

நரம்புகளின் பணி செய்தி கொண்டு செல்வதே. தோல், கண், காது முதலியவை அறிவதை ஒருவகை இழைகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. மூளையின் கட்டளையை மற்றொருவகை இழைகள் தசைகளுக்குக் கொண்டு வருகின்றன. மிக விரைவான இழைகளில் செய்தி வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல் பாய்கிறது. நாம் உறங்கும்போதும் இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் நெறிப்படுத்துவன நரம்புகளே.

வெறுங்காலில் முள் தைத்தால், வலியை நாம் உணருமுன்பே கால் மேலெழுந்துவிடுகிறது. அக்கட்டளையைப் பிறப்பிப்பது தண்டுவடம். ஆபத்து வேளையில் கங்காணி, அலுவலக உத்தரவுக்குக் காத்திராமல் ஆவன செய்துவிட்டுப் பின்னர் தெரிவிப்பதைப் போன்றது இது. எனவே, வலி நமக்குப் பகையன்று. உடலைக் காக்கும் காவலாளியாகும்.

அக்காவலாளியை ஊமையாக்கும் நோய் ஒன்று நம்மிடையே மலிந்துள்ளது. அதுவே இனிப்புநீர் எனப்படும் நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், நரம்பிழைகளும் அவற்றுக்கு உணவளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சீர்கெடுகின்றன. மிக நீளமான நரம்புகளே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. அவை கால்விரல்கள் வரை செல்பவை. ஆதலால் பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு ஆகியவை தோன்றலாம். சிலருக்கு எவ்வித அறிகுறியுமின்றியே உணர்ச்சி குன்றிவிடும்.

அதன்பின் காலணிக்குள் கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. கொப்புளம் உடைந்ததும் தெரியாது. அதே காலுடன் நிரை நிரையாக நடந்து கொண்டிருப்போம். புண்ணில் கிருமி புகுந்து, அழுகல் பரவி, விரலையோ பாதத்தையோ அகற்ற நேரிடலாம். "வலிக்கவில்லை, ஆகவே சிறு காயந்தான்" என்று எண்ணுவது தவறு. நீரிழிவு உள்ளவருக்கு வலியில்லாத புண்ணே பெரிதும் அஞ்சத்தக்கது.

ஆகவே, நீரிழிவு உள்ளோர் கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

வேலை முடிந்து வந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளையும் ஈரமின்றித் துடைக்க வேண்டும். அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்தோ, வீட்டாரைக் கொண்டோ நாள்தோறும் பார்க்க வேண்டும். காலணியை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் அறிய வேண்டும். காலாணியைக் கத்தியால் சீவலாகாது. புண் கண்டால், வலி இல்லாவிடினும், தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்குகளில் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கலாம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி குன்றியிருப்பதையும் மருத்துவர் கண்டறிவார். இதனால் வலி ஏதுமில்லை. பட்டுப்போன நரம்பை முழுமையாக மீட்பது அரிது. ஆயினும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி மேலும் கெடாமல் தடுக்க இயலும்.

நாளெல்லாம் நம்மைச் சுமக்கும் பாதங்களுக்காக மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குவோமாக.