"90 ஆண்டு காணாத மழை": பெங்களூர் வெள்ளத்தின் கணக்கு

2022 செப்டம்பரில் பெங்களூர் வெளிவட்டச் சாலை நீரில் மூழ்கி, மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டர்களில் அலுவலகம் சென்றனர். 90 ஆண்டுகளில் காணாத மழை என்றார் அன்றைய முதல்வர் பசவராஜ் பொம்மை.

செப்டம்பர் 5 காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் பதிவானது 131.6 மி.மீ. ஆனால் 2014 செப்டம்பரில் ஒரே நாளில் 132.3 மி.மீ., 1988 செப்டம்பரில் 177.6 மி.மீ. பெய்திருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டின் உச்ச மழையளவையும் திரட்டி, கும்பெல் முறை போன்ற புள்ளியியல் வழிகளில், எவ்வளவு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என நீரியல் வல்லுநர்கள் மதிப்பிடுகின்றனர். வடிகாலின் அகலமும் ஆழமும் இம்மதிப்பீட்டைப் பொறுத்தவை. "25 ஆண்டு மழை" என்றால், ஒருமுறை பெய்தபின் 25 ஆண்டுகள் நிம்மதி என்று பொருளல்ல. எந்த ஆண்டிலும் அது பெய்ய 4 சதவீத வாய்ப்பு உண்டு. 25 ஆண்டுகளில் ஒருமுறையேனும் பெய்ய ஏறத்தாழ 64 சதவீதம். ஆட்சியாளர்களுக்கு வசதி, தவறான பொருள்தான்.

மேலும், மழைக் கணக்கு வேறு, வெள்ளக் கணக்கு வேறு. ஏரியும் வயலும் கான்கிரீட்டான பின் அதே மழை கூடுதல் நீராக, விரைந்து ஓடுகிறது. பழைய பதிவேட்டில் அரிதாகத் தெரிந்த வெள்ளம் அடிக்கடி வருகிறது. பெங்களூரின் மழைநீர் மேலாண்மை குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, ஏரிகளும் கால்வாய்களும் ஆக்கிரமிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. அது பேரவையில் வைக்கப்பட்டது 2021 செப்டம்பரில், அதாவது வெள்ளத்துக்கு ஓராண்டு முன்பே.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்த நீர் தென்பெண்ணையில் கலந்து, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வந்து சேர்கிறது.