குழித்தறிக்காரர் பார்த்த ரேஸ் கார்

காலை ஆறரை மணி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் பின்வாசல். என் கழுத்தில் பாஸ், பக்கத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து மாமா. ஐம்பது வருஷம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த மனிதரை கார் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல!

"இதுக்குப் பேரு பிட்டு, மாமா. பிட்டுன்னா குழி."

"குழியைக் காணோமேடா?"

ஒரு காலத்தில் இருந்தது. 1908-இல் பிரான்சின் தியெப் நகரத்துப் பந்தயத்தில் சாலையோரம் நிஜமாகவே பள்ளம் வெட்டி மெக்கானிக்குகளை உள்ளே இறக்கினார்கள். "அப்ப நம்ம ஆளுங்கதான்" என்றார் மாமா.

கராஜ் ஷட்டர் ஏறுகிறது. அடடா, அந்த வாசனை! பெட்ரோல், சூடான ரப்பர், எங்கிருந்தோ சாம்பார். டயரைத் தடவிய மாமா முகம் சுளித்தார்: "மொட்டையா தேஞ்சிருக்கே, இதைப் போட்டா ஓட்டப் போறான்?" ஸ்லிக் டயர் பிறவியிலேயே மொட்டை, தரையை முழுசாகக் கவ்விக்கொள்ளத்தான் அப்படி. வரி போட்ட டயர் மழைக்கு மட்டும்.

இந்த டிராக் வந்தது 1990-இல், 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்பு சோழவரம், போர்க்கால விமான ஓடுதளத்தில். வீட்டுக் கார்களின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பறந்த காலம் அது. பிறகு கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக்கினார்: ஃபார்முலா மாருதி. அதில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்கே போய்விட்டார்!

மாமா எதையும் கேட்கவில்லை. பிரெஞ்சு மைகேல் கம்பெனியின் ஃபார்முலா 4 கார் முன்னால் குந்தியிருக்கிறார். மூக்கு கறுப்பாக, சாய்வுக் கோடுகளோடு மினுக்குகிறது.

"டேய், இது துணிடா!"

துணியேதான். கார்பன் இழை, ரெண்டு இழைக்கு மேலே, ரெண்டு இழைக்குக் கீழே என்று நெய்தது. நம் பாவுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி இதைப் பிசினில் ஊறவைத்து, அழுத்தி, வேகவைக்கிறார்கள். எஃகைவிட மிக லேசு, அசாத்திய விறைப்பு. 1981-இல் மெக்லாரன் அணி முதல்முறையாக இப்படியொரு ஃபார்முலா ஒன் கூட்டைச் செய்தபோது, மோதினால் பொடிப்பொடியாகும் என்றார்கள் சிலர். அதே வருஷம் மோன்சா பந்தயத்தில் அந்த அணியின் ஜான் வாட்சன் ஓட்டிய கார் மோதி ரெண்டாகப் பிளந்தது; அவர் எழுந்து நடந்து வந்தார்.

மாமா மெக்கானிக்கிடம் கேட்டார்: "தம்பி, இதுல பாவு எது, ஊடை எது?" பையன் முழித்தான். அன்றைய தினத்தின் ஒரே நாக் அவுட்.

பதினொரு மணிக்கு ஒரு கார் மூக்குடைந்து திரும்பியது. விளிம்பில் கறுப்பு இழைகள் பிய்ந்து நின்றன. "பிணைச்சுரலாமா?" என்று மாமா கை நீட்டினார். "முழுசா மாத்திருவோம் ஐயா" என்று சிரித்தபடி, உதிர்ந்த சில்லு ஒன்றை அவரிடமே கொடுத்தான் பையன்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே அதைப் பிடித்து, சுங்குவார்சத்திரம் தாண்டியும் இழை எண்ணிக்கொண்டிருந்தார்.