அளவுகோலையும் அளந்து பார்ப்போம்

ஆந்திரத்தின் பீமவரம் வட்டாரத்தில் இறால் வளர்ப்போருக்கு விடியலுக்கு முந்திய வேளையே மிகுந்த கவலைக்குரியது. பகலில் குளத்து நுண்பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன; இரவிலோ பாசி, இறால், அடிச்சேறு ஆகிய யாவும் அதனை உட்கொள்ளவே செய்கின்றன. ஆதலால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் விடியற்காலையில் மிகத் தாழ்ந்துவிடுகிறது. அது லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் காப்பது நலம்.

2009-இல் வனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் இத்தொழில் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் வேகமாகப் பரவியது. குஞ்சு, தீவனம், மின்சாரம் எனச் சில மாதங்களில் இடப்படும் முதலீடு பெரிது; அதில் கடன் தொகையும் கலந்திருக்கும். காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்களை இயக்குவதா, நிறுத்துவதா என்ற முடிவு கையடக்கமான ஓர் உணரி காட்டும் எண்ணைப் பொறுத்தது. உண்மையில் 3 இருக்கையில் கருவி 5 எனக் காட்டினால், உரிமையாளர் நிம்மதியாக உறங்குவார். இறால் மூச்சுத் திணறும். கருவியே இல்லாதவர் ஐயத்தோடாவது விழித்திருப்பார். பிழையான கருவி அந்த ஐயத்தையும் போக்கிவிடுகிறது.

இதற்கு மருந்து அளவுத்திருத்தம். விடை முன்பே தெரிந்த ஒன்றை அளக்கச் செய்து, கருவியின் விடையை அதனோடு ஒப்பிட்டு நேர்செய்வதே அது. ஆக்சிஜன் உணரிக்கு ஈரம் நிறைந்த காற்றே போதும். கடல்மட்டத்தில், 25 பாகை செல்சியஸில், காற்றோடு சமநிலை எய்திய நன்னீர் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். 30 பாகையில் 7.56 மட்டுமே. உப்பு மிகுந்தால் இந்த அளவு மேலும் குறையும். ஆகவே குளத்து உப்புத்தன்மையைக் கருவியில் பதிய மறந்தால், அது உள்ளதைவிட மிகுதியான ஆக்சிஜனைக் காட்டும்.

அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். உணரிக்கு 7, 10 என்ற மதிப்புடைய இரு தாங்கற் கரைசல்கள் தேவை. குளத்து நீரின் அளவு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். உணர்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, தேய்க்காமல் மென்தாளால் ஒற்றியெடுத்து, முதலில் 7-இலும் பின்னர் 10-இலும் அமிழ்த்த வேண்டும். பயன்படுத்திய கரைசலைப் புட்டியில் திரும்ப ஊற்றலாகாது. திறந்து கிடக்கும் 10-ஆம் எண் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத் தன் மதிப்பில் குன்றிவிடும்.

இத்தனை நுணுக்கம் ஏன் என்று கேட்கலாம். 30 பாகை நன்னீரில் பி.எச். 8 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஏழெட்டுப் பங்கு. 9 ஆனாலோ நாற்பது பங்குக்கும் மேல். உவர்நீரிலும் போக்கு இதுவே. கருவியில் நேரும் ஓர் அலகுப் பிழை, குளத்தில் பேரிழப்பாக முடியக்கூடும்.

பராமரிப்பும் எளியதே. பி.எச். உணர்முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்திருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் அது விரைவில் கெடும். பல கருவிகள் அளவுத்திருத்தத்தின் முடிவில் உணர்முனையின் திறனை விழுக்காட்டில் காட்டும். அது 90-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால், தூய்மை செய்யவோ மாற்றவோ வேண்டிய காலம் நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம். திருத்திய நாள், வெப்பநிலை, திருத்துவதற்கு முன்னும் பின்னும் கருவி காட்டிய எண் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நன்று.

நகைக்கடன் வழங்குமுன் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது வங்கியில் அன்றாட வழக்கம். அது தராசின்மேல் கொண்ட அவநம்பிக்கையன்று. அது சொல்லும் எடையை இரு தரப்பினரும் நம்புவதற்கான வழி. குளக்கரை உணரிக்கும் அவ்வழக்கமே பொருந்தும். கருவி வாங்கத் திட்டமிடுவோர், தாங்கற் கரைசலுக்கும் மாற்று உணர்முனைக்கும் ஆகும் செலவையும் தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்வார்களாக.