எஞ்சின் நின்றாலும் கப்பல் ஏன் நிற்பதில்லை?

ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கு 400 மீட்டர் நீளக் கப்பல்கள் வருகின்றன. சரக்கோடு எடை 2 லட்சம் டன்னைத் தாண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டால் போதுமா? போதாது. நகர்வது, ஒரு விசை தடுக்கும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும்; இதுதான் நிலைமம். இங்கே தடுப்பது தண்ணீர். ஆனால் வேகம் பாதியானால் தண்ணீரின் தடை ஏறக்குறைய கால்பங்காகிவிடும். மிச்ச வேகம் லேசில் போகாது. சுக்கானும் பிடி இழக்கும். ஆகவே இழுவைப் படகுகள்.

வினாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் நகரும்போதும் அந்தக் கப்பலின் ஆற்றல், மணிக்கு 160 கிலோமீட்டரில் பாயும் 1 டன் காரின் ஆற்றலுக்குச் சமம். நம்பச் சிரமம்தான்; கணக்கு அப்படித்தான் வருகிறது. கப்பல் வந்து தொடும்போது துறைமேடையின் ரப்பர் தாங்கிகள் அமுங்கி, நிற்கும் தூரத்தைக் கூட்டுகின்றன. தூரம் கூடினால் மோதும் விசை குறையும். வெறும் கான்கிரீட் என்றால் கப்பலின் இரும்புத் தகடு நெளியும்.