திண்ணையில் ஒரு மழைநாள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீடு திரும்பும் நோயாளர்கள் எங்களிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "தோட்டத்துக்குப் போகலாமா?" வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நாற்று நட்டும் பாத்தி திருத்தியும் பழகியவர்களுக்கு, கதவடைத்த அறையில் படுத்திருப்பது நோயினும் கொடிதாகத் தோன்றும்.

போகலாம் என்பதே பெரும்பாலும் எங்கள் விடை. மண்ணைத் தொடுவதை மட்டும் சிலர் ஒத்திவைக்க வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோர்க்கும் உறுப்புமாற்றம் செய்துகொண்டோர்க்கும், மட்கும் இலைகளிலும் எருவிலும் வளரும் பூஞ்சைகளால் நுரையீரல் தொற்று நேரக்கூடும். எவ்வளவு காலம் விலகியிருப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குதல் ஆகாது. உணர்விழந்த பாதத்தில் முள் தைத்ததே தெரியாமற் போகலாம்.

மண்வெட்டியை வைத்துவிட்டால் மழைநாளில் என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். ஒரு நாற்காலியைத் திண்ணைக்கோ சன்னலருகிலோ நகர்த்திப் பாருங்கள். முதல் தூறலில் எழும் மண்வாசனை, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளால் வருவது. மிகமிகச் சிறிய அளவையும் நம் மூக்கு கண்டுகொள்ளும். அப்புறம் ஓசை: வாழையிலையில் விழும் துளிக்கும் முருங்கையில் விழும் துளிக்கும் உள்ள வேறுபாட்டை, வேலை மும்முரத்தில் நாம் என்றேனும் கேட்டதுண்டா?

ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட முன்னதாகவே வீடு திரும்பினர்; கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆயினும் நாற்காலியை நகர்த்த அதுவே போதும்.

உடனிருந்து பேணுவோர்க்கு ஒரு வேண்டுகோள். அவரைப் பந்தலை எங்கே போடுவது, எந்த நாற்றை எங்கே நடுவது என்பதை நாற்காலியில் இருப்பவரிடமே கேளுங்கள். கை ஓய்ந்திருக்கிறதே தவிர, தோட்டம் இன்னும் அவருடையது. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் நடுங்கள்; கோணலாக நட்டால் திட்டு வாங்குங்கள். அந்தத் திட்டைக் கேட்டுப் பல நாளாயிற்றே என்று மகிழ்ந்த மகன்களை நாங்கள் அறிவோம்.

மழை விட்டதும் பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும். பாசி படிந்த படிகளைத் தேய்த்துக் கழுவுங்கள். மாலையில் ஈசல் கிளம்பினால் திண்ணை விளக்கை அணைத்துவிட்டு, இன்னும் சிறிது நேரம் அவருடன் அமர்ந்திருங்கள்.